ஒன்பது சீட்டு, இருபத்திமூன்று பேர்

பள்ளிக்கூடத்தின் இரும்பு கேட்டை ஹெட்மாஸ்டர் தானே ஓடிவந்து இழுத்துச் சாத்தினார். பதற்றத்தில் கொண்டி இரண்டு தடவை நழுவியது. வெளியே, பங்குனி வெயிலில், கம்பெனி ஆட்கள் இருபத்திமூன்று பேர். கூட்டத்துக்குக் கடைசியில், யாரோ ஒருவருடைய முதுகுக்குப் பின்னால், நான்.

“ஸ்டிரைக்குன்னா கம்பெனி வாசல்ல வச்சுக்குங்கப்பா! இது பிள்ளைங்க படிக்கிற எடம்!” என்று கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு கத்தினார்.

“ஸ்டிரைக்கா? நாங்க இன்னாத்துக்கு சார் இங்க வந்து ஸ்டிரைக்கு பண்றோம்?” என்றான் முன்னால் நின்ற ஃபிட்டர் தாஸ். “சைக்கிளு ஹேண்டில்பாருல சீட்டு கட்டிருந்துது. ‘முக்கியம்’னு போட்டுருந்துது. வந்துகீறோம்.”

“யார் கட்டின சீட்டு?”

இருபத்திமூன்று தலைகளும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின. யாருடைய முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேனோ அந்த ஆளும் நகர்ந்துகொண்டான்.

டோக்கன் தொலைத்தவர்களைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு என் மனைவி ரத்னா, “ஊர்ல கீறவன் கதையெல்லாம் எழுதற. நீ பண்ண கூத்த மட்டும் எழுத மாட்டியா?” என்று கேட்டாள். இதோ, எழுதிவிடுகிறேன்.

லேடீஸ் சைக்கிள் டீச்சர்

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு எதிரே என் சைக்கிள் ஸ்டாண்டு. தகரக் கொட்டகை. ஒரு தகர டோக்கன் ஹேண்டில்பாரில் தொங்கும், அதே எண் போட்ட இன்னொன்று சைக்கிள்காரர் கையில். ஜி.என்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பும் வேர்க்கடலையும் இருந்த இடத்தில் அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்தன. மெட்ராஸ் பாசஞ்சரில் வந்து இறங்குகிறவர்கள் என்னிடம் விட்டுவைத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போவார்கள். மெட்ராஸுக்கு வேலைக்குப் போகிற உள்ளூர்க்காரர்கள் தங்கள் சைக்கிளை என்னிடம் விட்டுவிட்டு ரயில் ஏறுவார்கள். காலையில் பத்து நிமிஷம் அந்தக் கொட்டகைக்குள் மணிச் சத்தமும் ரப்பர் வாசனையும் தேங்காய் எண்ணெய் வாசனையும் கலந்து ஒரே ரகளையாக இருக்கும்.

அந்த ரகளையில் ஒரே ஒரு லேடீஸ் சைக்கிள். பின்சக்கரத்தில் புடவை மாட்டாமலிருக்க வலை கட்டியது. அது விமலா டீச்சருடையது. ராயபுரத்திலிருந்து தினமும் ரயிலில் வருவார். வயது இருபத்தைந்துகூட இருக்காது. என் மகள் கஸ்தூரிக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு அவர்தான்.

ஒருநாள் சைக்கிளை எடுக்காமல் என் ஸ்டூலுக்கு எதிரே வந்து நின்றார். டீச்சர் ஒருவர் எதிரே வந்து நின்றால் எனக்கு இன்றைக்கும் பயம்தான். மகள் ஃபெயில் என்று சொல்லப்போகிறார், இல்லையென்றால் டயர் பஞ்சராகி அது என் குற்றமாகியிருக்கிறது, இரண்டில் ஒன்று.

“உங்களால ஒரு உதவி ஆகணும். எட்டாவது முடிக்கிற பிள்ளைங்களை ‘நீ என்ன படிக்கப் போறே’ன்னு கேட்டா பாதிப் பேர் தெரியாதுங்கறாங்க. மீதிப் பேர் டாக்டர்ங்கறாங்க. ஏன்னு கேட்டா அதுவும் தெரியாது. ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கேட்டா வாயே திறக்க மாட்டாங்க. ஆறு ஆறு பேரா வட்டமா உட்கார வச்சுப் பேச விடலாம்னு இருக்கேன். ஒவ்வொரு வட்டத்துக்கும் வேலைக்குப் போற ஆள் ஒருத்தர் வேணும். பெரிய ஆபீசர் வேணாம். ஃபிட்டர், நர்ஸ், டைப்பிஸ்ட் மாதிரி. உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியுமே?”

தெரியும். எல்லாரையும் தெரியும். ஆனால் ஒருவரைக் கூப்பிட்டு ‘எனக்காக இதைச் செய்’ என்று கேட்பது என்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். “ஆவட்டும் டீச்சர்” என்றேன். அவர் மணியடித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்று நாஷ்டா இறங்கவில்லை.

கையெழுத்துப் போட்ட தாள்

இறங்காததற்கு வேறு காரணமும் உண்டு.

அந்தக் காலத்தில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது கணக்கில் இரண்டு வழி. ஒன்று ஜெனரல் மேத்ஸ், சுலபம், அன்றாடக் கணக்கு. இன்னொன்று காம்போசிட், அதில் அல்ஜீப்ராவும் ஜியாமெட்ரியும் இடுப்பை ஒடிக்கும் என்பார்கள். ஆனால் ஜெனரல் எடுத்தால் பின்னால் இன்ஜினியரிங், சயன்ஸ் என்கிற கதவெல்லாம் மூடிக்கொள்ளும். பதின்மூன்று வயதுப் பிள்ளை எதைப் படிப்பது என்று பெற்றவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

நான் ஜெனரலுக்கு நேராக டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவளைக் கேட்கவில்லை. “எதுக்குமா ரிஸ்கு?” என்றேன். “சரி நைனா” என்றாள். அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னாளே என்று அதற்கும் ஒரு பக்கம் கவலைப்பட்டேன்.

அது சரி, காம்போசிட் என்றால் எனக்கு ஏன் அவ்வளவு பயம்? அதைச் சொல்ல வேண்டுமென்றால் திருவள்ளூருக்குப் போக வேண்டும்.

பதினொன்று

நான் பிறந்து வளர்ந்தது திருவள்ளூர் தேரடிக்குப் பக்கத்தில். அமாவாசை என்றால் ஊர் தாங்காது. வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க நாலா பக்கமிருந்தும் ஜனம் வரும். குளத்துப் படியில் கால் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். எறும்பும் தேனீயும் மொய்க்கும். கூட்டம் சைக்கிளில் வந்தால் சைக்கிளை எங்கே விடுவது? என் மாமா தெருவோரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, அமாவாசைக்கு அமாவாசை சைக்கிள் பார்த்துக்கொள்வார். என் தொழில் பிறந்த இடம் அந்தக் கயிறுதான்.

எட்டாம் வகுப்பில் அரைப்பரீட்சை முடிந்து மார்க்குப் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். கணக்கு: பதினொன்று. நூற்றுக்குத்தான். திருத்திய பேப்பரை நாளைக்குக் கையில் கொடுப்பேன் என்று வாத்தியார் சொன்னார்.

அந்த ‘நாளைக்கு’ அமாவாசை. மாமாவுக்குத் துணையாகக் கயிற்றடியில் நின்றேன். அதற்கு மறுநாளும் பள்ளிக்குப் போகவில்லை, பேப்பர் வாங்க வேண்டுமே என்று. அதற்கும் மறுநாள், இரண்டு நாள் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று. அப்படியே நின்றவன்தான். என்னை யாரும் அடித்துத் துரத்தவில்லை. ஃபீஸ் கட்ட முடியாமலும் போகவில்லை. கணக்கு வராத பையன் என்று எனக்கு நானே ஒரு டோக்கன் மாட்டிக்கொண்டு, அதைக் கழற்றாமலே பெரியவனாகிவிட்டேன். எழுத்து மட்டும் விட்டுப்போகவில்லை. ரயிலில் விட்டுப்போகிற வாரப் பத்திரிகைகளை ஒன்றுவிடாமல் படிப்பேன். இப்போது இதில் எழுதுகிற துணிச்சல் அப்படி வந்ததுதான்.

சீட்டு கட்டிய கதை

ஆட்களை நேரில் கேட்க நாக்கு எழவில்லை என்றேனே, அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். சின்னச் சின்ன அட்டையாக வெட்டி, “வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உயர்நிலைப் பள்ளிக்கு வரவும். முக்கியம். ஸ்டாண்டு” என்று எழுதினேன். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளுக்கு அப்போது வாரவிடுமுறை வெள்ளிக்கிழமை. ஆள் வருவதில் சிரமமிருக்காது.

ஆறு வட்டத்துக்கு வேண்டியது ஆறு பேர். ஆனால் ஆறு பேரும் வரவேண்டுமே? ஒருவனுக்கு ஜுரம் வரலாம். ஒருவன் மச்சான் கல்யாணத்துக்குப் பெரியபாளையம் போகலாம். ரயில் நின்றுபோகலாம். அதனால் ஒன்பது அட்டை எழுதி, ஒன்பது ஹேண்டில்பாரில் கட்டினேன். அப்படியும் ராத்திரியெல்லாம், ஒருவருமே வரவில்லையென்றால் டீச்சர் முகத்தில் எப்படி முழிப்பது என்று புரண்டுகொண்டிருந்தேன்.

ஒரு விஷயத்தை மறந்துவிட்டேன். எங்கள் ஊரில் ஒரு சைக்கிளுக்கு ஒரு ஆள் கிடையாது.

காலை ஷிப்டு முடித்தவன் சைக்கிளைக் கொண்டுவந்து ஸ்டாண்டில் விட்டால் மதிய ஷிப்டுக்காரன் அதையே எடுத்துக்கொண்டு போவான். மூன்று பேர் கூட்டாக வாங்கிய சைக்கிள்கள் பாதிக்கு மேல். கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்ப்பதே அபூர்வம் என்பதால் சேதியெல்லாம் ஹேண்டில்பாரில்தான். ‘பின்டயரில் காற்று இறங்குகிறது’, ‘செயின் கழலுகிறது, பார்த்துப் போ’ என்று எழுதிக் கட்டிவிட்டுப் போவார்கள். அதற்கு ஒரு சட்டமும் உண்டு. ஹேண்டில்பாரில் கட்டியது எல்லாருக்கும் பொது. கடைசி ஆள் படிக்கிறவரைக்கும் யாரும் அவிழ்க்கக் கூடாது.

அந்தச் சட்டம் இந்த உலகத்தில் என்னைவிட நன்றாக வேறு யாருக்குத் தெரியும்? அப்படியிருந்தும் மனுஷனுக்குக் கட்ட வேண்டியதைச் சைக்கிளுக்குக் கட்டினேன்.

ஒன்பது சைக்கிள், இருபத்திமூன்று பேர். ஒருவர்கூட வராமல் இருக்கவில்லை. ‘முக்கியம்’ என்று போட்டிருந்தேன் அல்லவா, ஆளுக்கொரு காரணத்தை அவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். புதுக் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சர்டிபிகேட்டோடு வந்தவன் ஒருவன். ஸ்டாண்டு பாஸ் கட்டணம் ஏறப்போகிறது, சண்டை போட வேண்டும் என்று சட்டைக் கையை மடித்துவிட்டு வந்தவர்கள் நாலு பேர். கம்பெனி ஆஸ்பத்திரி நர்ஸ் ரோசம்மாவும் அவள் புருஷனும் ஒரே சைக்கிள், வேறு வேறு ஷிப்டு. இருவரும் சேர்ந்து நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“நீ இன்னாத்துக்குடி வந்த?” என்று அவன் கேட்க, “நீ இன்னாத்துக்கு வந்தியோ அதுக்குத்தான்” என்றாள் அவள்.

வராது என்று சொல்லக் கூடாது

கேட்டுக்கு வருவோம். விமலா டீச்சர் சத்தம் கேட்டு வந்தார். விஷயத்தைக் கேட்டார். முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் ஹெட்மாஸ்டரைப் பார்த்து, “திறந்துவிடுங்க சார். வட்டத்துக்கு ஒருத்தர் கேட்டேன். நாலு பேர் கிடைச்சிருக்காங்க” என்றார்.

வகுப்பறைகள் போதாமல் பின்பக்க மைதானத்தில் இருந்த கொட்டகை நிழலில் ஆறு வட்டம் போட்டார்கள். வட்டத்துக்கு ஆறு பிள்ளைகள், மூன்று நான்கு பெரியவர்கள். தாஸ் மாதிரி ஆட்கள் பள்ளிக்கூடத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து எத்தனை வருஷமாகியிருக்குமோ, முழங்கால் முட்டிகள் மடக்மடக்கென்று சொடுக்கின.

டீச்சர் சில விதிகள் சொன்னார். ஒவ்வொருவரும் ‘நான்’ என்று ஆரம்பித்து, எதில் தன் கையும் மூளையும் தானாகப் போகிறதோ அதைச் சொல்ல வேண்டும். மார்க்கு சொல்லக் கூடாது. ‘வராது’ என்ற வார்த்தை யார் வாயிலும் வரக் கூடாது. யாராவது ஒன்று சொன்னால் அது உண்மைதானா என்று மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். கடைசியில் அது எந்தப் பாடத்தில் போய்ச் சேரும் என்று எல்லாருமாகக் கண்டுபிடித்து ஒரு அட்டையில் எழுத வேண்டும்.

நான் எந்த வட்டத்திலும் உட்காரவில்லை. வந்த சைக்கிள்களை வரிசையாக நிறுத்துகிறேன் என்று நழுவிவிட்டேன். ஒன்பதே சைக்கிளை நான் அரைமணி நேரம் நிறுத்தினேன். நிறுத்திய இடம், தற்செயலாக என்று சொல்ல மாட்டேன், கஸ்தூரியின் வட்டத்துக்குப் பின்னால்.

முதலில் தாஸ்.

“நான் அளக்கறவன்” என்றான். “ஒரு முடிய கையில குடுங்க, எத்தினி தடிப்புன்னு சொல்றேன். உங்க வயசுல டெசிமல்னா எனக்கு பேஜாரு. புள்ளி எங்க வைக்கறதுன்னே தெரியாது. இப்ப அந்தப் புள்ளிதான் எனக்குச் சோறு போடுது.”

“உங்களுக்கு அப்ப யாருண்ணா சொல்லிக் குடுத்தாங்க?” என்றது ஒரு வாண்டு.

“மிசினுதான். புள்ளிய மாத்தி வச்சா அதுவே கத்தும்.”

ஆரம்பாக்கம் பக்கமிருந்து வருகிற ஒரு பெண், வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், “நான் ரெண்டு பாஷையில கனா காணறவ” என்றாள். நிஜமா என்று கேட்டார்கள். “திட்டு வாங்கற கனா தெலுங்குல வரும். பண்டிகைக் கனா தமிழ்ல வரும்” என்றாள். அட்டையில் ‘மொழி’ என்று எழுதினார்கள். அடுத்து ஒரு பையன் எழுந்து, மாடு எந்த நாளில் கன்று போடும் என்று வயிற்றைத் தடவியே சொல்லிவிடுவேன் என்றான். ரோசம்மா அவன் கையைப் பிடித்துப் பார்த்து, “இது படிக்க வேண்டிய கைடா. எங்க ஆஸ்பத்திரியில கீறவங்களுக்கே இது வர்ல” என்றாள்.

“அக்கா, ‘வர்ல’ சொல்லக் கூடாது!” என்று ஆறு பேரும் கத்தினார்கள்.

தொண்ணூற்றொன்றும் நாற்பத்திரண்டும்

அப்புறம் கஸ்தூரி.

“நான் கணக்குப் போடறவ.”

நான் கையில் பிடித்திருந்த சைக்கிள் அதன் ஸ்டாண்டிலிருந்து இறங்கியது.

“எப்பிடிச் சொல்ற?” என்றான் தாஸ், விதிப்படி.

“எங்க ஸ்டாண்டுல பதினாலு சைக்கிளு ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா சுவரு வரைக்கும் நிக்கும். சுவத்தோரம் கீறத எடுக்கணும்னா பதிமூணு நவுத்தணும். அதுக்கு முன்னால கீறதுக்கு பன்னெண்டு. இப்பிடி ஒவ்வொண்ணுக்கும் எத்தினின்னு கூட்டினா தொண்ணூத்தியொண்ணு. அதையே ஏழு ஏழா பிரிச்சு, நடுவுல வழி உட்டு வச்சா ரெண்டு பக்கமும் சேத்து நாப்பத்திரெண்டுதான். பாதிகூட இல்ல. அதான் ஒரு நாள் சாக்பீஸ்ல கோடு போட்டு மாத்தி வச்சுட்டேன்.”

தாஸ் தொடையில் தட்டினான். “அடிப்பாவி! அதான் மழைக்காலத்துலேர்ந்து சைக்கிளு சுளுவா வருதா? உங்க நைனா இன்னா சொன்னாரு?”

“திட்டினாரு. கொட்டாய சாக்பீஸால கிறுக்கிட்டேன்னு. அதுக்குள்ள ரயிலு வந்துட்டுது, அப்பிடியே உட்டுட்டாரு. அப்பால சுளுவா ஆனதும், மழையில கூட்டம் கம்மியாயிட்டுதுன்னு நெனச்சுகினு கீறாரு.”

வட்டமே சிரித்தது. உண்மைதான். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டம் குறைந்துவிட்டதே, தொழில் படுத்துவிடுமோ என்று இரண்டு மாதம் கவலைப்பட்டும் இருந்தேன்.

“அப்ப நீ காம்போசிட்டா?” என்று தெலுங்குக்காரப் பெண் கேட்டாள்.

“இல்ல. ஜெனரல். நைனா கையெழுத்து போட்டுட்டாரு.”

“ஏன்? நீ கேக்கலியா?”

கஸ்தூரி ரிப்பன் நுனியைத் திருகினாள். “ஒரு தபா டெஸ்டுல எனக்கு மார்க்கு கொறஞ்சுது. நைனா ரெண்டு நாளு சாப்பிடல. ஒண்ணும் சொல்லல, சொம்மா சாப்பிடல. காம்போசிட்டுல எப்பியாச்சும் ஃபெயிலு வரும் இல்ல? அவுரு தாங்க மாட்டாரு. ஜெனரல்னா அவுருக்கு நிம்மதி.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மகளின் படிப்புக்காக நான் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் சாப்பாட்டுக்காக அவள் படிப்பை விட்டுக்கொண்டிருந்தாள்.

கையிலிருந்த சைக்கிள் சாய்ந்தது. பக்கத்தில் இருந்தது அதன் மேல் சாய்ந்தது. ஒன்பதும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடதடவென்று விழுந்தன. இத்தனை வருஷத்தில் என் கையால் சைக்கிள் விழுந்தது அன்று ஒருநாள்தான்.

எல்லா வட்டமும் திரும்பிப் பார்த்தன. கஸ்தூரி முகம் வெளுத்துவிட்டது.

“ஏகாம்பரண்ணே! எத்தினி நேரமா அங்க நிக்கிற?” என்றான் தாஸ். “வா, வந்து குந்து. உன் முறை.”

“எனக்கு இன்னாப்பா...”

“எல்லாருக்கும் ஒரே சட்டம். ஹேண்டில்பாருல கட்டினது பொது. நீதான கட்டின?”

உட்கார்ந்தேன். விமலா டீச்சரும் எங்கள் வட்டத்துக்கு வந்துவிட்டார். “சொல்லுங்க. ‘நான்’ன்னு ஆரம்பிங்க.”

“நான்... கணக்கு வரா...”

“ஊஹூம்!” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

யோசித்தேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. உண்மையாக எனக்கு என்ன நன்றாக வரும் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்.

“நான் பயப்படறவன்” என்றேன்.

ரோசம்மாதான் முதலில் சிரித்தாள். சிரிப்பு வட்டம் வட்டமாகப் பரவியது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“சரியாத்தான் சொல்லியிருக்காரு. இதுல ‘வராது’ இல்லை” என்றார் டீச்சர். “உண்மைதானான்னு கேளுங்க.”

கேள்வியே கேட்காமல் இருபத்திமூன்று பேரும் சாட்சி சொன்னார்கள். கொட்டகையைப் பூட்டிவிட்டு மூன்று தடவை திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவன். வானம் கறுக்கும் முன்பே சைக்கிள் சீட்டுக்கெல்லாம் காகிதம் சுற்றிவைக்கிறவன். இதுநாள்வரை ஒரு சைக்கிளைக்கூடத் தொலைக்காதவன். இது எந்தப் பாடத்தில் போய்ச் சேரும் என்று கேட்டபோது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. என் அட்டையில் அந்த இடம் காலியாகவே இருந்தது.

ஐந்து கையெழுத்து

பிள்ளைகள் கலைந்ததும் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன். “சார், எங்க பொண்ணு தாள ஒரு தபா குடுங்க. ஒரு டிக்கு தப்பா போட்டுட்டேன்.”

“காலைல ஊர்வலம், இப்போ திருத்தமா?” என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். ஜெனரலை அடித்தேன். காம்போசிட்டில் டிக் போட்டேன். “அடிச்ச இடத்துல கையெழுத்துப் போடணும்” என்றார். போட்டேன். அது வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. “இது மேல இருக்கறதோட ஒத்துப்போகலையே?” மறுபடி போட்டேன். அது இன்னும் மோசம். நாலாவது கையெழுத்தில் மை கொட்டியது. ஐந்தாவதைப் பார்த்துவிட்டு, “போதும்யா, தாள் தீர்ந்துபோச்சு” என்று பிடுங்கிக்கொண்டார்.

வெளியே கஸ்தூரி நின்றுகொண்டிருந்தாள்.

“ஏன் நைனா மாத்தின? உனுக்குத்தான் பயமாச்சே?”

“பயந்தான். நான் பயந்துகினே இருக்கறேன். அது என் வேல. நீ உன் வேலயப் பாரு.”

வீட்டுக்கு வந்து சொன்னபோது ரத்னா அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமல், “அப்ப அடுத்த பரீட்சைக்கு உனுக்கு அரிசி போட வேணாம்” என்றாள்.

இருபத்தேழு

ஒன்பதாம் வகுப்பு காலாண்டுப் பரீட்சை. சாயங்கால ரயிலுக்கு முன்னால் கஸ்தூரி ஸ்டாண்டுக்கு வந்தாள்.

“மார்க்கு ஒட்டிட்டாங்க நைனா.”

“எத்தினி?”

“இருபத்தேழு.”

என் பதினொன்றைவிடப் பதினாறு அதிகம் என்று அந்த நிலைமையிலும் மனசு கழித்துப் பார்த்தது. அதற்குப் பிறகு கவலை வழக்கம்போல ஆரம்பித்தது. நான்தானே மாற்றினேன்? சும்மா இருந்த பிள்ளையை நான்தானே இழுத்துவிட்டேன்? “பேப்பரு?” என்று கேட்டேன்.

“நாளைக்குக் குடுப்பாங்க.”

நாளைக்கு. அந்த வார்த்தையைக் கேட்டதும் என் உள்ளங்காலில் குளத்துப் படியின் பிசுபிசுப்பு ஏறியது.

அன்று ராத்திரி தட்டைத் தள்ளிவைத்தேன். கஸ்தூரி தட்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். விடிந்ததும் வாசலிலேயே நின்றேன். தலைவலி என்று படுத்துவிடுவாளோ, ஸ்டாண்டில் உனக்கு ஒத்தாசையாக இருக்கிறேன் நைனா என்று சொல்லிவிடுவாளோ என்று காத்துக்கொண்டு நின்றேன். அப்படிச் சொன்னால் என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியாது. என் மாமாவுக்கும் அன்றைக்குத் தெரிந்திருக்காது.

இரட்டைப் பின்னலும் ரிப்பனுமாக, ஜியாமெட்ரி பாக்ஸைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டு வந்தாள்.

“இன்னா நைனா, வழியில நின்னுகினு கீற?”

“இல்லமா... ஸ்கூலுக்கா போற?”

“பின்ன? இன்னிக்கிப் பேப்பரு குடுப்பாங்க இல்ல. எங்க உட்டேன்னு பாக்க வேணாமா?”

போய்விட்டாள். நான் எங்கே விட்டேன் என்று இந்த நாள்வரைக்கும் எனக்குத் தெரியாது. தெருமுனையில் ரிப்பன் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றதில், ஆயுளில் முதல் தடவையாக ஸ்டாண்டை லேட்டாகத் திறந்தேன். மெட்ராஸ் பாசஞ்சர் மொத்தமும் வெளியே நின்று என்னைத் திட்டியது.

சாயங்காலம் பேப்பரோடு வந்து ஸ்டூல் மேல் விரித்தாள். ஒரே சிவப்பு. அவள் விரல் நேராக ஒரு இடத்தில் போய் நின்றது.

“இத பாரு. மூணாவது வரியில மைனஸ உட்டுட்டேன். அதனால கீய கீறது அத்தினியும் தப்பு. அடுத்த தபா புடிச்சுருவேன்.”

எனக்கு அது என்ன மைனஸ் என்று புரியவில்லை. புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன்.

அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். மூன்றாவது தடவை தட்டை நீட்டியபோது பானையில் இல்லை.